அறையில் ஆட்கள்: இரண்டு

கடையின் பின்னறையை
மூன்று மணித்தியாலத்துக்கு வாடகைக்குக் கேட்டாள் நிதுர்சிகா.
யோகபுரத்தில் அவள் வீட்டுக்கு
சிக்னல் மாமரத்தில் ஏறினால்தான் வரும்.
மரத்தில் இருந்து பரீட்சை எழுத
விதிமுறையில் இடமில்லை.

போன வருசம் இசட் ஸ்கோர்
புள்ளிக்குப் பின்னால் நாலாவது இலக்கத்தில்
அவளைக் கைவிட்டது.
இது வேறு. கடல்தாண்டி ஒரு பல்கலைக்கழகம்,
உலகத்துக்கெல்லாம் ஒரே வினாத்தாள், ஒரே மணிக்கூடு.
மல்லாவியில் அது இரவு பதினொன்றரை.

விதிகளை நான்தான் பிரிண்ட் எடுத்தேன்,
ஏழு பக்கம், காசு வாங்கவில்லை.
மேசை வெறுமையாக இருக்க வேண்டும்.
சுவரில் எழுத்து கூடாது.
வேறு குரல் கூடாது.
கண் திரையை விட்டு விலகக் கூடாது.
யோசிக்கும்போது கூரையைப் பார்க்கிற பிள்ளை அவள்.
ஒரு கிழமையாக
நேரே பார்த்தபடி யோசிக்கப் பழகினாள்.

கலண்டரைக் கழற்றினேன்.
லமினேட் விலைப்பட்டியலைக் கழற்றினேன்.
டொங்கிளைத் தடியில் கட்டி
யன்னலுக்கு வெளியே நிறுத்தினேன்.
குரைக்காமல் இருக்க நாய்க்குச் சோறு வைத்தேன்.
மயிலுக்கு யார் சொல்வது?

பதினொன்றேகாலுக்கு
எங்கோ ஒரு நாட்டிலிருந்து கண்காணிப்பாளர்
எழுத்தில் வந்தார். பெயர் இல்லை, இலக்கம் மட்டும்.
அடையாள அட்டையைக் காட்டு.
காதைக் காட்டு.
கையை முழங்கைவரை காட்டு.
லப்டொப்பைத் தூக்கி
அறையைச் சுற்றிக் காட்டு, மெதுவாக.

மெதுவாகச் சுற்றினாள்.
கதவு. அலுமாரி. பேப்பர்க் கட்டுகள். மேற்குச் சுவர்.
திரையில் ஒரு சிவப்புப் பெட்டி விழுந்தது:
அறையில் ஆட்கள்: இரண்டு.

ஒருவரும் இல்லை, என்று தட்டினாள்.
திரும்பக் காட்டு.
காட்டினாள்.
இரண்டு.

கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்ற நான்
அப்போதுதான் கண்டேன்
எல்லாவற்றையும் கழற்றிய கை தொடாமல் விட்டதை.
என் தம்பி உதயரூபன், இருபத்திரண்டு வயது,
பாஸ்போட் படத்தைப் பெருப்பித்தது.
மாலை இல்லை, பொட்டு இல்லை.
அம்மா விடவில்லை.
அவன் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கோட்டில் ஒரு சதுரம்,
கண்ணிரண்டிலும் புள்ளி.

பதினாறு வருசம்.
எத்தனை படிவம், எத்தனை மேசை,
கடைசியாகக் கண்டது எங்கே, யார் சாட்சி,
இதில ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு வாங்கோ.
கொப்பி எடுத்து எடுத்தே நான் கொப்பிக்கடை போட்டேன்.
ஒரு கந்தோரும் எழுதித் தராததை
இந்த மெசின் ஒரு நொடியில் எழுதிப்போட்டுது.

அந்த நபர் உடனடியாக வெளியேற வேண்டும்.
ஐந்து நிமிடம் தந்தார்கள்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ" என்றாள்.
ஆணியிலிருந்து எடுத்தேன்.
பின்பக்கம் பல்லிமுட்டை ஒன்று ஒட்டியிருந்தது.
சுவரில் அவன் அளவுக்கு வெள்ளையாக ஒரு சதுரம்.
அதையும் காட்டச் சொன்னார்கள்.
ஒன்று, என்றது.

முன்கடையில்
கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு
அவனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.
நுளம்பு. தூரத்தில் யானைவெடி ஒன்று.
மயில் ஒருமணிபோல் ஒருக்கால் கத்தி
பிறகு தன்பாட்டில் அடங்கிற்று.

இரண்டரைக்கு வந்தாள்.
மயிலுக்கு ஒன்றும் சொல்லேல்லை அண்ணை.
இருபத்தேழாம் கேள்வியில
என்ர கண்தான் விலகிட்டுது,
அந்த வெள்ளைச் சதுரத்துக்கு.
எச்சரிக்கை ஒன்று போட்டிட்டாங்கள்.
அதற்கு எத்தனை புள்ளி குறைப்பார்கள் என்று
ஏழு பக்கத்திலும் தேடினோம். இல்லை.

பெறுபேறு வர ஆறு கிழமை.
படத்தை இன்னும் மாட்டவில்லை.
அம்மாவுக்கும் சொல்லவில்லை.
சொன்னால்,
அந்த இலக்கத்துக்கு ஒரு கோல் எடுத்துப் பார் என்பா.